அரைவல் கார்டுக்கு 1,850 ரூபாய் கொடுத்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடமாகப் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஊரார் இறக்குமதிச் சரக்குக்கெல்லாம் பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்கப் பத்திரம் போட்டு, கஸ்டம் ஹவுஸ் படி ஏறி இறங்கியே முட்டி தேய்ந்தவன். அப்படிப்பட்டவனே, சிங்கப்பூரில் இறங்குவதற்கு முன் நிரப்ப வேண்டிய, சும்மா கிடைக்கிற ஒரு கார்டுக்கு 1,850 ரூபாய் அழுதுவிட்டு வந்தேன். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை பக்கமிருந்து இப்போது சிநேகிதனைப் பார்க்க, மகளைப் பார்க்க என்று சிங்கப்பூர், மலேசியா கிளம்புகிறவர்கள் நிறைய. அவர்களுக்காவது உதவட்டும்.

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் கப்பல் பட்டறை வேலைக்குப் போய் அங்கேயே நிரந்தரவாசி ஆகிவிட்டான். வா வா என்று பத்து வருடமாகக் கூப்பிட்டு, போன மாதம்தான் போக முடிந்தது. 54 வயதில் முதல் பாஸ்போர்ட். நமக்கு சிங்கப்பூர் போக விசா வேண்டும். அதை அவனே அங்கிருந்து விண்ணப்பித்துவிட்டான். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், நான் தருகிறேன் என்றதற்குத் திட்டு வாங்கினேன். விசா மெயிலில் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஆபீசில் ஒரு பையன், "சார், அரைவல் கார்டு போட்டாச்சா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே எங்கள் தெரு முனையில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கிருந்த தம்பி கூகுளில் தட்டினான், முதலில் வந்த தளத்தைத் திறந்தான், மளமளவென்று பாஸ்போர்ட் நம்பர், ஃப்ளைட் நம்பர், தங்கும் விலாசம் எல்லாம் அடித்தான், கடைசியில் தளத்துக்கு 1,700 என்று வந்தது, அவன் கூலி 150. ஏதோ வெளிநாட்டு கவர்மென்ட் ஃபீஸ் என்று நினைத்து ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன். பிரிண்ட் எடுத்து, "அண்ணா, கசங்கிடப் போகுது" என்று அக்கறையாக லேமினேஷன் வேறு போட்டான், அதற்குத் தனியாக 40 ரூபாய்.

எங்கள் ஏரியாவுக்கு ஒரு பாக்கியம், 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓடுகிறது. தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் இறங்கலாம். மடியில் லேமினேட் செய்த கார்டு, காலடியில் பெட்டி. பெட்டிக்குள் நண்பனின் அம்மா கொடுத்தனுப்பிய குழம்புத் தூளும் நெத்திலிக் கருவாடும், ஏழு கவர் சுற்றியும் வாசனை அடங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா காசிமேட்டிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டே விட்டார். அந்தத் தூளுக்கு ஒரு கதை உண்டு. சிங்கப்பூருக்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது, போதைப்பொருள் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் நண்பன் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான், அம்மாவை மசாலாவில் கசகசா போட்டு அரைக்க விடாதே, ஹான்ஸ் கீன்ஸ் எதையும் பையில் வைக்காதே என்று. அதை மட்டும் கேட்டுவிட்டு மீதியைக் கேட்காமல் விட்டது என் தப்பு. ஏன் தப்பு என்று பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது அங்கே காலை ஆறரை தாண்டியிருந்தது, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறார்கள், ஆனாலும் வெளியே இன்னும் இருட்டு. லேமினேஷன் கார்டைப் பரீட்சை ஹால் டிக்கெட் மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். கார்டைக் கேட்க அங்கே ஆளே இல்லை. ஒரு மெஷின், அதில் பாஸ்போர்ட்டை வைக்கச் சொன்னது, முகத்தைப் பார்த்தது, விரலை வாங்கியது, கதவு திறந்தது, அவ்வளவுதான். நான் சீல் குத்திய காகிதத்தை நம்பியே பிழைத்தவன். பாஸ்போர்ட்டில் சீல் விழாமல் உள்ளே விட்டது எனக்குச் சமாதானம் ஆகவில்லை. திரும்பிப் போய் அங்கே நின்ற சீருடைக்காரப் பெண்ணிடம் பாஸ்போர்ட்டை விரித்துக் காட்டி, "சீல்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மெயிலைப் பார்க்கச் சொன்னார். எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் மெயிலில் வந்துவிட்டிருந்தது.

வெளியே நண்பன் நின்றான். தலையில் முடி சுத்தமாக இல்லை, அவன் கை ஆட்டாமல் இருந்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன். ரயிலில் உட்கார்ந்ததும் என் கையிலிருந்ததைப் பார்த்து, "என்னடா இது, ரேஷன் கார்டா?" என்றான். விலையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அது ஃப்ரீடா. வாய்ஸ் மெசேஜ்ல கடைசில சொன்னேனேடா" என்றான். தானா மேராவில் இறங்கி வேறு ரயில் மாறுவதற்குள் அரசாங்கத் தளத்தைத் தன் போனில் திறந்து படிவத்தை முழுக்கக் காட்டிவிட்டான். காசு கட்டுகிற இடமே அதில் இல்லை. ரயிலில் தமிழிலும் அறிவிப்பு சொன்னார்கள், வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன், அன்று காதில் விழுந்தது மனதில் ஏறவில்லை.

விஷயம் இதுதான். காகிதப் படிவத்தை 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், கட்டணம் ஒரு பைசா இல்லை. விசா வேறு, இது வேறு, ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது. தள முகவரி ஜி.ஓ.வி. டாட் எஸ்.ஜி. என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மலேசியாவுக்கும் இதேபோல ஒரு டிஜிட்டல் கார்டு உண்டு, தாய்லாந்தும் 2025 மே மாதத்திலிருந்து கொண்டுவந்துவிட்டது, இரண்டுமே இலவசம்.

திரும்பி வந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் சண்டை போட்டேன். தம்பி அதே தளத்தைத் திறந்து கீழே வரைக்கும் இழுத்துக் காட்டினான். எறும்பு எழுத்தில், நாங்கள் அரசு அல்ல, இது சேவைக் கட்டணம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அவனும் அன்றைக்குத்தான் அதைப் படித்தான் போலிருக்கிறது, முகம் சுண்டிவிட்டது. தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரம் என்று அவனுக்கே தெரியவில்லை என்றால் நமக்கு எங்கே தெரியப் போகிறது? காசு போனதைக்கூட விடுங்கள், என் பாஸ்போர்ட் நம்பர் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு போன் செய்து சொல்லியிருக்கிறேன்.

தாங்கள் இதை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது. விமான நிலையம் போகும் மெட்ரோ நிலையங்களில், குறைந்தது எங்கள் பக்கத்து நிலையங்களிலாவது, தமிழில் ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொல்லியும் எழுதுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டு அக்கா பினாங்கில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று வந்து நின்றார். அவர் போனிலேயே கார்டை நிரப்பிக் கொடுத்தேன். எல்லாம் முடிந்த பிறகு, "லேமினேஷன் போடணுமாப்பா?" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை 81