ஜெட் ஸ்கி ஆயில்: ஒரு திருத்தமும் ஒரு கோரிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நீர் விளையாட்டு வாகனங்களின் பராமரிப்பு பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். டிப் ஸ்டிக் குழாய் வழியாகப் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றச் சொல்லியிருந்தீர்கள். தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர் போன்ற ஜெட் ஸ்கியில் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இருந்தால் அது சரிதான். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அது பொருந்தாது. அதில் டிப் ஸ்டிக்கும் இல்லை, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்பும் இல்லை. குறிப்பைப் படித்துவிட்டு யாராவது இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் எங்கள் பட்டறை. அப்பா காலத்தில் லாம்பிரட்டா, என் காலத்தில் ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 என்று டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு போர் போட்டே வளர்ந்த இடம். செட்டிநாட்டுக்குக் கடல் இல்லை என்றாலும், டூ ஸ்ட்ரோக் வேலையில் எங்களுக்கு இருக்கிற பெயரை வைத்துத்தான் தொண்டிப் பக்கம், ராமேஸ்வரம் பக்கம் இருந்தெல்லாம் பழைய ஜெட் ஸ்கியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வருகிறவற்றில் பல, பிஸ்டன் பிடித்துப்போனவை. ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தால் கழுத்து வரை புது ஆயில் இருக்கும். "நேற்றுத்தான் மாற்றினோம் அண்ணே" என்பார்கள். கோளாறே அந்த மாற்றத்தில்தான் இருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் சுற்றிச் சுற்றி வருவதில்லை. பெட்ரோலோடு சேர்ந்து இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸுக்குள் போகிறது, பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது, எரிந்து புகையாகிப் போய்விடுகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் யமஹா சூப்பர்ஜெட் போன்ற, நின்றுகொண்டு ஓட்டும் சில வண்டிகளில் நாமே பெட்ரோலில் கலந்து ஊற்ற வேண்டும். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிகளில் பெரும்பாலும் தனி ஆயில் டேங்கும், ஆக்சிலேட்டர் கேபிளோடு இணைந்த ஆயில் பம்பும் இருக்கும். ஆகவே நாம் மாற்ற வேண்டியது டேங்கில் இருக்கிற, இன்னும் எரியாத ஆயிலைத்தான். மணிக்கணக்கு வைத்து மாற்றுகிற வேலையில்லை இது. தண்ணீர் கலந்திருந்தால், வெகுநாள் கிடந்திருந்தால், முன்பிருந்தவர் என்ன ஊற்றினார் என்று தெரியாவிட்டால் மாற்ற வேண்டும்.

முதலில் எந்த ஆயில் என்பது. பங்கில் ஸ்கூட்டருக்கு விற்கிற 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. எரிந்தபின் சாம்பல் விடும் சேர்மானம் அதில் இருக்கிறது. கடல்நீரில் குளிரும் இன்ஜின் அவ்வளவு சூடாவதில்லை என்பதால் அந்தச் சாம்பல் பிளக்கிலும் ரிங் பள்ளத்திலும் படியும். படகு இன்ஜின்களுக்கென்று டிசி-டபிள்யூ3 என்ற தரம் இருக்கிறது, டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். யமஹாவுக்கு அது போதும். சீ-டூ கம்பெனி ஜெட் ஸ்கியில் வருகிற ரோட்டாக்ஸ் இன்ஜின்களில், குறிப்பாக புகை வெளியேறும் வழியைக் கூட்டிக் குறைக்கும் ரேவ் வால்வு உள்ளவற்றில், அதை ஊற்றாதீர்கள் என்கிறது கம்பெனி. சாம்பல் குறைந்த ஏபிஐ டிசி வகையைக் கேட்கிறது. கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். இருக்கிற ஆயில்மேல் வேறு வகையை ஊற்றி நிரப்பவே கூடாது. சில ஆயில்கள் ஒன்றோடொன்று சேராமல் கெட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும்.

வண்டியைச் சமமாக நிறுத்தி, மூடி வழியாகக் கைபம்பை விட்டு ஆயிலை உறிஞ்சி எடுங்கள். அடியில் தங்குவதை, ஃபில்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு வெள்ளை கேனில் பிடியுங்கள். ஒரு ராத்திரி விட்டால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும், இல்லாவிட்டால் ஆயில் மோர்போல வெளுத்திருக்கும். டேங்கில் கசடு இருந்தால் மண்ணெண்ணெய் வேண்டாம், புது ஆயிலையே கொஞ்சம் விட்டு அலசுங்கள். ஃபில்டர் புதிதாகப் போடுங்கள். விறைத்துப்போன டியூபையும் கிளிப்பையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ரோட்டரி வால்வு, அதாவது பெட்ரோல் கலவையை உள்ளே விடும் சுழல் தட்டு, உள்ள ரோட்டாக்ஸ் இன்ஜின்களில் அந்த வால்வின் தண்டுக்கும் இதே டேங்கிலிருந்து பெரிய டியூபில் ஆயில் போகிறது. அது வெடித்தால் டேங்க் முழுவதும் வண்டிக்குள் கொட்டிவிடும்.

இனிச் சொல்வதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. டியூபைக் கழற்றிய உடனே லைனில் காற்று புகுந்துவிடும். அந்தக் காற்றை எடுக்காமல் ஸ்டார்ட் செய்து கடலில் இறக்கினால், டேங்க் நிறைய ஆயில் இருக்க, பிஸ்டனுக்கு ஒரு சொட்டுப் போகாது. பம்பில் காற்று எடுக்கிற ஸ்குரூ ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டுப் பிறகு முடுக்குங்கள். பம்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் சன்ன டியூபில் இருக்கிற காற்று இன்ஜின் ஓடினால்தான் போகும். அதற்காகப் பெட்ரோல் டேங்கில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊற்றி, ஐடிலில் விட்டு, பம்பின் லீவரைக் கையால் முழுக்கத் திறந்து பிடியுங்கள். சன்ன டியூபில் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அது அடங்கும்வரை பொறுமை வேண்டும். அந்த முதல் டேங்க் பெட்ரோல் தீரும்வரை கலவையிலேயே ஓட்டுங்கள். புகை கூடுதலாக வரும், வரட்டும். லீவரின் கோடும் பம்பின் கோடும் கையேட்டில் சொன்னபடி நேராக நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

கரையில் ஓட்டும்போது தண்ணீர் ஹோஸ் இணைக்க வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே தண்ணீரைத் திறங்கள். நிறுத்தும்போது தண்ணீரை முதலில் மூடுங்கள். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

அப்புறம் கேனில் பிடித்த ஆயில். இதைத்தான் எப்படியாவது அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டிக்குள் சிந்தியதைத் துணியால் துடைக்காமல் விட்டால், பின்பக்க வடிகால் பிளக் வழியாகக் கடலுக்குத்தான் போகும். பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டரை 2022ல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அந்த உயிர் தின்பது அங்கே அடியில் வளரும் கடற்புல்லை.

இங்கே ஊருக்குள் கொட்டினாலும் அதே கதிதான். செட்டிநாட்டில் தெருவில் விழும் மழை வரத்துக்கால் வழியாக ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகும்படி பெரியவர்கள் அமைத்து வைத்திருக்கிறார்கள். பல கிராமங்களில் இன்றும் ஊருணித் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பட்டறை வாசலில் சிந்தியதும், சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப்போகிற வேஸ்ட் ஆயிலும் அடுத்த மழையில் அங்கேதான் போய்ச் சேரும். 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். சிறிய பட்டறைக்காரர் நாலைந்து லிட்டரை எடுத்துக்கொண்டு அவரைத் தேடி எங்கே போவார்?

காரைக்குடி இப்போது மாநகராட்சி. பட்டறைகள் நிறைந்த தெருக்களுக்குப் பொதுவாக, மூடியுள்ள பேரல் ஒன்றை வைத்து, மாதம் ஒருமுறை மறுசுழற்சியாளரை வரவழைத்தால் போதும். தண்ணீர் கலந்த ஆயிலுக்குத் தனி பேரல் இருந்தால் இன்னும் நல்லது. இடம் வேண்டுமென்றால் என் பட்டறை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே ஏற்கிறேன். தங்கள் நாளிதழ் இதை மாநகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் ஒருவர்,
செக்காலை, காரைக்குடி