நம்ம தலைக்கு மேல போற பட்டாம்பூச்சி கூட்டம்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

மோனார்க் பட்டாம்பூச்சிய டிவில பாத்திருப்பீங்க, கனடா, அமெரிக்கால இருந்து கிளம்பி 4,000 கிலோமீட்டர் வரைக்கும் பறந்து மெக்சிகோ மலைக்காட்டுல போய் குளிர்காலத்த கழிக்கும், கிளையே தெரியாத அளவுக்கு ஆரஞ்சு கலர்ல அப்பிக்கிட்டு கிடக்கும். அது எங்க போகுதுன்னு விஞ்ஞானிங்களுக்கு தெரிஞ்சதே 1975ல தான், அர்குஹார்ட்னு ஒருத்தர் றெக்கையில குட்டி ஸ்டிக்கர் ஒட்டி பல வருஷம் தேடினாரு. போற பூச்சி எதுவும் அந்த காட்ட முன்ன பின்ன பாத்ததில்ல, போன குளிர்ல அங்க இருந்து வந்ததோட பேரப்பிள்ளைங்க தான் மறுபடி அதே காட்டுக்கு போகுதுங்க!

அதே குடும்பத்து பூச்சிங்க நம்ம தருமபுரி வழியாவும் போகுது சார். நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் வடகிழக்கு மழை நெருங்குறப்ப கிழக்குத் தொடர்ச்சி மலைய விட்டு மேற்க போகும், கோடை முடிஞ்சு தென்மேற்கு மழை வர்றப்ப திரும்ப கிழக்க வரும். ஐப்பசி வாக்குல தொப்பூர் கணவாய் பக்கம் காலைல வெயில் ஏறினதும் நின்னு பாருங்க, ஒன்னு பின்னாடி ஒன்னா வந்துகிட்டே இருக்கும், எல்லாமே ஒரே திசை, லாரி சத்தம் கூட காதுல விழாது, மனசு அப்படி நெறஞ்சிடும்.

வத்தல்மலை ரோட்டோரம் ஒரு காஞ்ச கிலுகிலுப்பை செடிய கிட்ட போய் பாத்தேன். பூவே இல்ல, ஆனா செடி பூரா நீல வரியன், காஞ்ச தண்ட கால் நகத்தால சொரண்டி சொரண்டி நாக்க நீட்டி உறிஞ்சுது. அத்தனையும் ஆண் பூச்சி. பொண்ண கவர்ற வாசனைய தயாரிக்க அந்த செடியோட கசப்பு சத்து அதுக்கு வேணுமாம். நான் குனிஞ்சு மூஞ்சிய பக்கத்துல கொண்டு போயும் ஒன்னும் நகரல.

இந்த செடியத்தான், ஓரத்துல நிக்கிற கொடிப்பாலை, எருக்கோட சேத்து, களைன்னு வெட்டி தீ வைக்கிறாங்க. நீல வரியன் புழு கொடிப்பாலை இலைய தின்னு தான் வளருது, அதே குடும்பத்து வெந்தய வரியன் புழுவுக்கு எருக்கு. ரோட்டுக்கு இடைஞ்சலா இருந்தா வெட்டட்டும், சும்மா ஓரமா நிக்கிறத ஏன் கொளுத்தணும்? ஐப்பசி, கார்த்திகை முடியிற வரைக்குமாவது விட்டு வைக்க சொல்லி நெடுஞ்சாலைத்துறையும் பஞ்சாயத்துங்களும் ஆள்களுக்கு உத்தரவு போடணும்.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் கிளம்பின தகவல் வந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல ரெண்டு வரி போடுங்க, எங்க தெரு பசங்கள நானே கூட்டிட்டு போறேன்.

இப்படிக்கு,
தருமபுரி வாசகர்