இழப்பீட்டுப் பட்டியலில் இல்லாதவர்கள்

எண்ணெய் எடுக்க உரிமம் வழங்கும் அரசுகளுக்கு,

வணக்கம். எண்ணெயே எடுக்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது வேறு வழக்கு. நீங்கள் போடும் இழப்பீட்டுக் கணக்கில் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் பேச்சு.

நிலம் போனால் பத்திரம் வைத்திருப்பவருக்குப் பணம். சரி. அதே நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு? சதுப்பில் நண்டும் சிப்பியும் பொறுக்கி விற்ற பெண்ணுக்கு? ஓடைக்குப் பத்திரம் கிடையாது. அதை நம்பிப் பிழைத்தவரிடம் காட்டுவதற்கு ரசீதும் கிடையாது. வேலை தருவோம் என்கிறீர்கள். குழாய் பதிக்கும் வரை மண் வெட்ட ஆள் வேண்டும். அப்புறம் வேண்டியதெல்லாம் படித்த தொழில்நுட்பர்கள்தான்.

நைஜீரியாவின் போடோவைப் பாருங்கள். 2008இல் ஷெல் நிறுவனத்தின் குழாயில் இரண்டு முறை கசிவு. கச்சா எண்ணெய் ஓடைகளில் பரவி, மீன்குஞ்சுகள் ஒதுங்கும் அலையாத்திக் காடுகளை அழித்தது. ஊரார் லண்டனில் வழக்குப் போட்டார்கள். 2015இல்தான் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம் ஆனது. அதில் 15,600 பேருக்குத் தலைக்கு ஏறத்தாழ 2,200 பவுண்டு. போடோ இருக்கும் ஓகோனி வட்டாரத்தில் எண்ணெய் எடுப்பது 1993இலேயே நின்றுவிட்டது. குழாய்கள் மட்டும் ஊடே போயின. ஆனாலும் 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆய்ந்தபோது, ஓர் ஊரில் குடிநீர்க் கிணற்றில் பென்சீன் என்னும் புற்றுநோய் தரும் நச்சு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. முழுதாகச் சீராக 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது அந்த அறிக்கை. ஒரு தலைமுறையின் தொழிலுக்கு 2,200 பவுண்டு எத்தனை மாதம் வரும்?

ஆகவே உரிமத்தில் கையெழுத்திடும் முன் நிலத்தை அளப்பதோடு பிழைப்பையும் கணக்கெடுங்கள். யார் எங்கே வலை வீசுகிறார், எந்தக் கிணற்றில் நீர் இறைக்கிறார் என்று எழுதி வையுங்கள். வாய்மொழிச் சாட்சியை ஏற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரையும் மண்ணையும் அப்போதே சோதித்து முடிவுகளை ஊராரிடம் கொடுங்கள், இல்லையென்றால் பின்னால் நிறுவனத்தார் 'முன்பே அழுக்காகத்தான் இருந்தது' என்பார்கள். துப்புரவுக்கான பணத்தை நிறுவனம் முன்கூட்டியே கட்டட்டும்.

இன்னொன்று. நைஜீரியாவின் 2021 பெட்ரோலியச் சட்டம், நிறுவனங்கள் முந்தைய ஆண்டின் செயல்பாட்டுச் செலவில் 3 சதவீதத்தை உள்ளூர் நிதியத்துக்குத் தரச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் யாராவது நாசவேலை செய்து குழாயை உடைத்தால், பழுதுபார்க்கும் செலவு ஊரின் பங்கில் கழியும். எவனோ ராத்திரியில் துளை போட்டதற்கு நண்டு பொறுக்குபவர் தண்டம் கட்ட வேண்டுமா? உங்கள் சட்டத்திலோ வரைவிலோ இப்படி ஒரு வரி இருந்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்