கேமரன் மலைக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் மன்றத் தோழர்களுக்கு

வணக்கம். பள்ளி விடுமுறை வந்தாலே குடும்பங்களைச் சேர்த்து மலேசியாவின் கேமரன் மலைக்குக் கிளப்பிவிடுகிறீர்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணிக்கொண்டு வருவது லேசான வேலையில்லை, நன்றி. ஆனால் ஒன்று கேட்கணும். தாப்பா வழியாக ஏறி ரிங்லெட் தாண்டியதும் ஓர் ஏரி வருகிறதே, அதை "அழகான இயற்கை ஏரி, போட்டோ எடுத்துக்குங்க" என்று மைக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு ஏன் நேராக ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு ஓட்டச் சொல்கிறீர்கள்?

அது இயற்கை ஏரியே இல்லைங்க. பெர்தாம் ஆற்றை மறித்து, 1963இல் சுல்தான் அபு பக்கர் அணையைக் கட்டி, மின்சாரத்துக்காகத் தேக்கியது. சிங்கப்பூரில் மெக்ரிச்சியையும் பியர்ஸையும் பார்த்து வளர்ந்த நமக்கு நீர்த்தேக்கம் என்றால் குடிதண்ணீர்தான் நினைவுக்கு வரும். இந்தத் தண்ணீரோ மலையைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து, 500 மீட்டருக்கும் மேல் இறங்கி, பேராக் மாநிலப் பக்கம் நிலத்தடியில் இருக்கும் சுல்தான் யூசோப் மின்நிலையத்தில் 100 மெகாவாட் வரை எடுக்க உதவுகிறது. அதோடு விட்டார்களா, இன்னும் கீழே வோ நிலையத்தில் அதே தண்ணீரை மறுபடி வேலை வாங்குகிறார்கள். பகாங் ஆற்றோடு தென்சீனக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், மலைக்கு மறுபக்கம் இறங்கி மலாக்கா நீரிணைக்குப் போய்ச் சேர்கிறது! பேருந்தில் இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கைப்பேசியைக் கீழே வைப்பார்கள்.

சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, அது கொஞ்சம் கசப்பானது. மழை பெய்த மறுநாள் அங்கே நின்றால் தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருக்கும், கரையோரம் பிளாஸ்டிக் பாட்டில்களும் உரச்சாக்குகளும் ஒதுங்கிக் கிடக்கும். மேலே காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களிலிருந்து அடித்து வரும் மண் தேக்கத்தை நிரப்பிக்கொண்டே போகிறது, மின்வாரியம் தூர்வாரிக்கொண்டே இருக்கிறது. மண் ஏற ஏறத் தண்ணீருக்கு இடம் குறையும். 2013 அக்டோபரில் பெருமழையில் தேக்கம் நிரம்பி நள்ளிரவு தாண்டி மதகைத் திறந்தபோது, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறும் தண்ணீரும் புகுந்து உயிர்கள் போயின. ஆற்றோரத்தில் வீடு கட்டியது யார் தப்பு, மதகு திறந்தது யார் தப்பு என்று அப்போது பெரிய சர்ச்சை. அந்தத் தோட்டத்துக் காய்கறி நம் ஈரச்சந்தைக்கும் வருகிறது. தேக்கா சந்தையில் கேமரன் தக்காளி கேட்டு வாங்குகிறவர்கள்தானே நாம்? வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் வாங்குகிறேன். மண் எங்கே போகிறது என்றாவது தெரியட்டும்.

"மின்சாரம் அவர்களுடையது, நமக்கென்ன" என்று உங்களில் யாராவது சொல்லலாம். 2022இல் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது. அணை எங்கேயோ இருந்தாலும் சுவிட்சு நம் வீட்டில்தான்.

அதனால் அடுத்த துண்டறிக்கையில் "இயற்கை ஏரி" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அணைப் பக்கம் பேருந்து நிறுத்த இடம் குறைவு, ஓட்டுநரிடம் முன்பே பேசி வையுங்கள், இருபது நிமிடம் போதும். நேரம் இல்லை என்றால் இரண்டு ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் ஒன்றை வெட்டுங்கள், இரண்டிலும் அதே ஜாம்தான் விற்கிறார்கள். மைக்கில் படிக்க ஒரு பக்கக் குறிப்பு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.