வால்பாறைப் படங்கள் வந்து சேர்ந்தன

தண்டையார்பேட்டை,
மாசி 8.

அன்புள்ள மகனுக்கு,

நீ வால்பாறையிலிருந்து அனுப்பிய பதினேழு படங்களும் வந்து சேர்ந்தன. போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆழியாற்றைத் தாண்டி ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நீ எடுத்த வரையாட்டை அம்மா விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாலையோரச் சுவரின்மேல் நிற்கும் அந்தக் கிடாவின் முதுகில், சேணம் போட்டு எடுத்த தடம்போல் வெளுத்த ஒரு திட்டு இருக்கிறதே, அது வயது முதிர்ந்த கிடாவுக்குத்தான் வரும் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் மாநில விலங்கை இத்தனை வயதுக்கு நான் நேரில் பார்த்ததில்லை. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்கள் எல்லோரிடமும் காட்டினேன். ஐந்து வயதில் என் தோளில் உட்கார்ந்து பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டிய பிள்ளை எடுத்த படம் என்று சொன்னேன். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், மலைக்கு ஐந்து நாள் கிடைத்திருக்கிறது. அதில் அம்மாவுக்கு வருத்தம்தான், எனக்கும்தான்.

அங்கே யானை நடமாட்டம் இருந்தால் கைபேசிக்குத் தகவல் வரும் என்றும், மேட்டில் சிவப்பு விளக்கு எரியும் என்றும் எழுதியிருந்தாய். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாதே. எரியாவிட்டாலும் இருட்டிய பிறகு தங்கும் இடத்தை விட்டு வெளியே வராதே. தேயிலைச் செடிக்குள் சிறுத்தை படுத்திருந்தால் பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டு. தின்ன எதுவும் போடாதே. முக்கியமாக, யானையைப் பார்த்தால் வண்டியை விட்டு இறங்காதே.

இருவாச்சிப் பறவையின் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளுப்பு என்று நீ எழுதியிருந்ததால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணைத்தான் முதலில் தேடினேன். சிவப்பாக இருந்தது. பெண் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அடுத்த வரியிலேயே நீ எழுதியிருந்தாய்: இந்த மாதங்களில் பெண் மரப்பொந்துக்குள் போய், ஒரு சிறு கீறல் மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும், ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும். படித்ததும் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது.

பதினேழு படங்களிலும் மனிதர் யாரும் இல்லை. காட்டுக்குப் போனவன் காட்டைத்தானே எடுப்பான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது நீங்கள் இருவரும் வந்து பார்த்தீர்களே, உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாவைக் கண்டு வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள் மருமகள். உனக்குப் பறவைகளின் பெயர் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். இருவாச்சியைப் பார்க்க வேண்டும் என்று அன்று இரவு அவள் சொன்னது அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வண்டியை விட்டு இறங்காதே என்று நான் சொல்வதற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஆனால் நான் அதை ஒருநாளும் என் வாயால் சொன்னதில்லை. 1998-இல் முதுமலைக்குப் போனபோது, தெப்பக்காட்டுக்கு முன்னால் குட்டியோடு நின்ற யானையைப் படமெடுக்க வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் கையை உதறினேன். யானை காதை விரித்து, தலையைத் தூக்கி, நான்கடி முன்னால் வந்தது. கீழே விழுந்து முழங்கால் தேய எழுந்து ஓடிவந்து ஏறினேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் எதிரில் அம்மா என்னைத் திட்டினாள். அவள் திட்டியது நியாயம். ஆனாலும் பத்தொன்பது நாள் நான் அவளோடு பேசவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை நீ, "அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு", "அம்மாவிடம் சாவியை வாங்கி வா" என்று எங்கள் நடுவில் நடந்துகொண்டிருந்தாய். இருபதாவது நாள் அவளாகத்தான் வந்து பேசினாள், நான் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மலைக்குக் கூப்பிட்டாலும் அவள் வந்ததில்லை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது ஆண்பிள்ளைக்கு அழகு என்று நான் உன் கண்முன்னால் நடந்து காட்டிவிட்டேனோ என்று இந்தப் படங்கள் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நேற்றிரவு அம்மாவிடம் அந்த முதுமலைச் சம்பவத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். "இப்போ எதுக்கு அதெல்லாம்" என்றாள். பிறகு வெகுநேரம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போது நாற்பது வளைவிலும் நிதானமாக வா. மூடுபனி இருந்தால் காத்திருந்து புறப்படு. கோவை போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி அனுப்பு.

அம்மா காசிமேட்டில் நெத்திலி வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து, இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறாள். ஒன்று உனக்கு, ஒன்று மருமகளுக்கு. இரண்டையும் ஒரே முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டுமா என்று எழுது.

அன்புடன்,
அப்பா