ஒரு வசனம், இரு கிரேக்கச் சொற்கள்

ஆசிரியருக்கு,

ஓரினச்சேர்க்கை பற்றிய விவாதங்களில் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களைப் பட்டியலிடும் வேதாகம வசனமான 1 கொரிந்தியர் 6:9ஐ எடுத்துக்காட்டும் போதகர்கள், அந்த வசனம் நம் கைக்கு வந்த வழியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதில் வரும் ‘மலகோய்’ என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘மென்மையானவர்கள்’ என்பதே. மத்தேயு 11:8இல் அதே சொல்லை ‘மெல்லிய வஸ்திரம்’ என்று தந்த நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, கொரிந்தியரில் மட்டும் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரு சொற்கள் சேர்ந்து அடுத்து வரும் ‘அர்செனோகோய்தாய்’, ஆணோடு ஆண் படுப்பதைக் கண்டிக்கும் லேவியராகமம் 20:13இன் கிரேக்க வடிவத்திலிருந்து பிறந்திருக்கலாம் என்னும் மரபுவாதிகளின் வாதம் வலுவானது, அதை மதிக்கிறேன். ஆயினும், 1946இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு இவ்விரண்டையும் ‘ஓரினச்சேர்க்கையாளர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கியதும், 1971இல் அச்சொல்லையே கைவிட்டதும், மொழிபெயர்த்தவர்களே இந்த இடத்தில் உறுதியாக இல்லை என்பதைக் காட்டுகின்றன. திருச்சபை மரபு நெடுங்காலமாக ஓரினச்சேர்க்கையை மறுத்தே வந்திருக்கிறது. அந்த மரபைப் பேச விரும்புவோர் மரபென்றே பேசட்டும். தமிழ் வேதாகமத்தைப் பதிப்பிப்போர், அடுத்த பதிப்பிலாவது இவ்விரு சொற்களுக்கும் அடிக்குறிப்பு இட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை