விடையோடு அம்புக்குறியும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வாரந்தோறும் வரும் போட்டித் தேர்வு மாதிரி வினாக்களை வைத்துத்தான் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவுக்கு உரியவை. அதில் வரும் ‘இப்படி என்றால் அப்படி’ வகைக் கேள்விகளுக்கு நீங்கள் ‘விடை: இ’ என்று மட்டும் அச்சிடுகிறீர்கள். ஏன் இ, ஏன் ஆ இல்லை என்பதற்கு ஒரு வரி கிடையாது. கடையில் விற்கும் கையேடுகளும் பெரும்பாலும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை. பாமணியாற்றில் தண்ணீர் விட்டால் எங்கள் வாய்க்காலுக்கு வரும். சரி, வாய்க்காலில் தண்ணீர் கிடக்கிறது, ஆற்றில் விட்டுவிட்டார்களா என்று கேட்டால், “ஐப்பசி மழைத் தண்ணியாக்கூட இருக்கலாமே டீச்சர்” என்கிறார்கள். வாய்க்கால் காய்ந்து கிடந்தால்? “அப்போ ஆத்துல விடலை.” இரண்டும் சரியான பதில். இதையே ‘க வந்தால் ச வருவார், ச வந்திருக்கிறார்’ என்று தாளில் கொடுத்தால், அதே பிள்ளைகள் ‘ஆகவே க வந்திருக்கிறார்’ என்பதை டிக் செய்கிறார்கள்.

இதை எங்கள் பிள்ளைகளின் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 1966இல் இங்கிலாந்தின் உளவியலாளர் பீட்டர் வேசன் நான்கு அட்டைகளை வைத்து ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும் என்பது விதி. மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. விதி உண்மையா என்று பார்க்க உயிரெழுத்தையும் 7ஐயும் திருப்ப வேண்டும்; 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும், 4இன் பின்னால் எது இருந்தாலும் உடையாது. நன்றாகப் படித்தவர்களே 7ஐ விட்டுவிட்டார்கள். தேவையில்லாத 4ஐத் திருப்பியவர்கள் பலர். 1982இல் இதையே மது குடிக்க 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதியாக மாற்றி ஃப்ளோரிடா மாணவர்களிடம் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். நம் வாய்க்கால் கேள்வியிலும் அதுதான் நடக்கிறது.

பழக்கமில்லாத எழுத்துகள் வரும்போது படம்தான் கைகொடுக்கும். ‘க வந்தால் ச வருவார்’ என்பதற்கு க → ச என்று ஓர் அம்பு. அதன் கீழே பக்கங்களை மாற்றி, இரண்டிலும் ‘இல்லை’ சேர்த்து இன்னோர் அம்பு: ச இல்லை → க இல்லை. அந்த வாக்கியம் தருவது இவ்வளவுதான். ச வந்திருக்கிறார் என்றால், ‘ச’விலிருந்து கிளம்பும் அம்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை, ஆகவே க பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ‘ச வந்தால் மட்டுமே க வருவார்’ என்பதற்கும் இதே படம்தான். இங்கேதான் நிறையப் பேர் அம்பைத் தலைகீழாகப் போட்டு மதிப்பெண்ணை விடுகிறார்கள். ‘எல்லாம்’, ‘சில’ என்று வரும் கேள்விகளுக்கு வென் வட்டங்கள் (ஒன்றையொன்று வெட்டியோ ஒன்றுக்குள் ஒன்றாகவோ வரையும் வட்டங்கள்) இருக்கட்டும், அவை நல்ல கருவி. ஆனால் நான்கைந்து நிபந்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது வட்டங்கள் குழப்பும், அம்புகளைக் கோத்துக்கொண்டே போகலாம்.

அதனால் விடைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு அம்பு வரிகளையும் அச்சிடுங்கள். அதிக இடம் பிடிக்காது. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போய்க் கோச்சிங் சேர வசதியில்லாத பிள்ளைகள், நடவு வேலைக்கும் களையெடுப்புக்கும் நடுவில், உங்கள் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டிப் படிக்கிறார்கள். அடுத்த வார இதழிலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
மன்னார்குடி வட்டம்.